கேட்டில் ஏறிய ஆரஞ்சுக் கொடி

எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி கேட். பளபளவென்று சில்வர் கேட். கிள்ளானில் ஒரு கடைக்காரன் ஒரு தீபாவளிக்கு மலிவு விலை போட்டான், தெருவே வரிசையாகப் போய் மாற்றிக்கொண்டது. நாங்களும்தான். வீடுகளும் ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள், ஒரே கூரை, ஒரே ஜன்னல். அப்போது அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கேட்டே பிற்காலத்தில் என் தூக்கத்தைக் கெடுக்கப் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

என் வீட்டுக்காரர் லோரி ஓட்டியவர். துறைமுகத்தில் கண்டெய்னரை ஏற்றினால் ஜோகூரோ பினாங்கோ, எங்கே இறக்கச் சொன்னாலும் போய் இறக்கிவிட்டு வருவார். யாரிடமும் வழி கேட்க மாட்டார். வழி கேட்பது என்றால் அவருக்கு மானம் போகிற விஷயம். தப்பான பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் ஓட்டுவார், ஜன்னலை இறக்கி ஒரு ஆளைக் கேட்க மாட்டார். அந்த மனுஷன்தான் இப்போது மாலையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பும்போது, தன் வீடு எது என்று தெரியாமல் தெருவில் நிற்கிறார். மறதி நோய். டாக்டர் இங்கிலீஷில் ஒரு பெரிய பேர் சொன்னார், அது எனக்கு வாயில் நுழையவில்லை.

முதல் தடவை மூன்று வீடு தள்ளி ஒரு சீனக் குடும்பத்தின் வீட்டுக்குள் போய், சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, டீ கேட்டிருக்கிறார். அந்த வீட்டம்மா சிரித்துக்கொண்டே டீயும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். நானும் சிரித்தேன். இரண்டாவது தடவை பெரிய ரோட்டைத் தாண்டி, பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

பூச்சோங்கிலிருந்து மகள் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். வந்தவள் அப்பாவுக்குச் சோறு போட்டுச் சாப்பிட வைத்துவிட்டு, சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் சொல்றத நீங்க கேக்கணும். எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு ஹோம் இருக்கு. சுத்தமா இருக்கு, நர்ஸ் இருக்காங்க. நான் தெனமும் போய்ப் பாப்பேன்.”

“உங்கப்பாவைக் கொண்டுபோய் விடவா?”

“விட இல்லம்மா. பாத்துக்க. உங்களுக்கு முட்டி வலி, அவர் பின்னாடி ஓட முடியுமா? லோரி அடிச்சுட்டா யாரு பதில் சொல்றது? சீரியஸா சொல்றேம்மா. இன்னும் ஒரே தடவ.”

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் என்னைப் போட்டு வாட்டியது. தப்பு இருந்தால் நான் ஒரு பிடி பிடித்திருப்பேன்.

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். “அப்பாகிட்ட கத்தாதீங்கம்மா. டாக்டர் மெதுவா பேசச் சொல்லியிருக்காரு. கத்தினா அவருக்கு இன்னும் கொழப்பமாகும்.”

நான் எங்கே கத்துகிறேன்? என் தொண்டையே அப்படி. நான் ‘சாப்பிட வாங்க’ என்று சொன்னாலே பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து கை கழுவப் போவார் என்று என் வீட்டுக்காரரே கேலி செய்வார். லோரி ஓட்டிய காலத்தில் லேட்டாக வந்தால் கேட்டிலேயே நின்று பிடித்துக்கொள்வேன். “ஒன் சத்தம் துறைமுகம் வரைக்கும் கேக்குதுடி” என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். அப்படி முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியாயிற்று. இப்போது மெதுவாகப் பேசு என்றால்? சரி, அவர் நல்லதுக்குத்தானே என்று வாயைக் கட்டிக்கொண்டேன். ‘என்னங்க, டீ ஆறிடும்ங்க’ என்று பாலர் பள்ளி டீச்சர் மாதிரி பேசினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீடு சாவு வீடு மாதிரி அமைதியாகிவிட்டது. எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த அலமாரியைத் திரும்பத் துடைத்தேன்.

கேட்டைப் பூட்டிப் பார்த்தோம். உள்ளே நின்று கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டு, “யாரோ பூட்டிட்டுப் போயிட்டான், போலீசுக்குப் போன் போடு” என்று என்னிடமே சொன்னார். திறந்துவிட்டேன். மகள் கையில் கட்டுகிற ஒரு கருவி வாங்கி வந்தாள், எங்கே போனாலும் போனில் காட்டுமாம். அதைக் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டு நடக்கப் போனார். போனில் பார்த்தால் மனுஷன் பத்திரமாக அரிசி டின்னில் இருக்கிறார். சட்டைப் பையில் விலாசம் எழுதிப் போட்டேன். அதை எடுத்து யாரிடமாவது காட்டினால்தானே? வழி கேட்க மாட்டாரே!

வீட்டு நம்பர் அவர் மனதில் நிற்கவில்லை. ஆனால் நிறம் நிற்கிறது. அதை நான்தான் கண்டுபிடித்தேன். அவர் கடைசியாக ஓட்டிய லோரியின் முகப்பு ஆரஞ்சு நிறம். இன்றைக்கும் பெரிய ரோட்டில் ஆரஞ்சு லோரி போனால் நின்றுவிடுவார். “நம்ம வண்டி” என்பார். ஆஹா, பிடித்தேன் என்று நினைத்தேன். நம் வீட்டு வாசலை ஆரஞ்சாக்கிவிட்டால்?

கேட்டுக்குச் சாயம் அடித்தேன். சில்வர் கேட்டில் சாயம் ஒட்டுமா? இரண்டு மழையில் தோல் உரிகிற மாதிரி உரிந்து வாசலெல்லாம் கிடந்தது. என்னுடைய பழைய ஆரஞ்சுச் சேலை ஒன்றைக் கிழித்துக் கேட்டில் கட்டினேன். நடக்கக் கிளம்பும்போதே அதை அவிழ்த்து, நான்காக மடித்து, “மழை வரப்போவுது, துணி எடுக்கலையா?” என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவரைத் திட்டவும் முடியவில்லை. அவ்வளவு அழகாக மடித்திருந்தார்.

செடி வைத்தால் அவிழ்க்க மாட்டார் அல்லவா? பூவைக் கண்டால் அவர் கை வைக்க மாட்டார், நின்று பார்ப்பார். அப்படித்தான் நான் கொடி தேடிக் கிளம்பினேன்.

எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து வெளியேறும் ரோட்டோரம் ஒரு நர்சரி இருக்கிறது. அங்கே விற்கிற பெண்ணிடம் எனக்கு வேண்டியதைச் சொன்னேன். ஆரஞ்சுப் பூ, கொடியாக ஏற வேண்டும், சீக்கிரம் வளர வேண்டும், வருஷம் பூராவும் பூக்க வேண்டும், தெருமுனையிலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவள் சிரித்தாள். “எல்லாம் பூக்கும் ஆன்டி” என்றாள். அந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனை மாசம் வீணாகப் போயிற்று என்கிறீர்கள்!

முதலில் கொடுத்தது மெல்லிசான கொடி. ஆரஞ்சுப் பூ, நடுவில் மை வைத்த கண் மாதிரி ஒரு கறுப்பு. மளமளவென்று ஏறியது, பூக்கவும் பூத்தது. நான் தெருமுனைக்குப் போய் நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஓடி வந்து பக்கத்தில் பார்த்தால் பூ இருக்கிறது. திரும்பப் போய்ப் பார்த்தால் இல்லை. எதிர் வீட்டில் கார் கழுவிக்கொண்டிருந்தவர் தண்ணீரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு இலைக்கு அடியில் பூச்சி விழுந்து, அப்பளம் மாதிரி கருகிப்போனது.

அடுத்து ஆரஞ்சு நிறத்தில் காகிதப்பூ. பூ என்றால் பூ, தெருமுனை என்ன, பெரிய ரோட்டிலிருந்தே தெரியும். ஆனால் முள். கேட்டைத் திறக்கக் கை வைக்கிற இடத்துக்கே ஒரு கிளை வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பிடித்து இழுத்துப் பார்த்தால் உள்ளங்கையெல்லாம் ரத்தம். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். “நீ திட்டுவ” என்றார். நான் திட்டவில்லை. மருந்து போட்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், எதையோ எதிர்பார்க்கிற மாதிரி. மறுநாளே காகிதப்பூவைத் தோண்டிக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவதுதான் என்னை ஏமாற்றிய மகராசி. நர்சரிப் பெண் போனில் படம் காட்டினாள். ஒரு சுவர் முழுக்க நீளநீளமாக, குழல் குழலாக ஆரஞ்சுப் பூ கொட்டிக் கிடந்தது. “இதுதான் ஆன்டி, ராணி” என்றாள். வாங்கி வந்தேன். ஏறியது பாருங்கள், அப்படி ஒரு ஏற்றம்! கேட், தூண், கூரை, பக்கத்து வீட்டு ஏர்கான் குழாய் வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டது. இலை, இலை, இலை. பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. தினமும் காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் போய் நுனி நுனியாகத் தேடுவேன். நர்சரிக்குப் போய்க் கத்தினேன், அங்கே கத்தக் கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லையே. “மழ ஜாஸ்தி ஆன்டி. மண்ணு நல்லா காஞ்சாதான் இது பூக்கும்” என்றாள். கிள்ளானில் மண் காய்கிற மாசம் எது, சொல்லேன் என்று கேட்டேன். இதற்கிடையில் அவர் இரண்டு தடவை அடுத்தவர் கேட்டைத் திறந்துவிட்டார். நல்ல வேளை, நான் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனேன். மகளிடம் மூச்சு விடவில்லை.

பிறகு ஒரு நாள் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம். பூஜைச் சாமான் வாங்க வேண்டியிருந்தது, அவரையும் ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். ரயில் என்றால் அவருக்குக் குஷி. மாலை கட்டுகிற கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் நடந்தோம். திடீரென்று என் கையை உதறிவிட்டு நின்றுவிட்டார். ஒரு பழைய வீட்டின் வேலி முழுக்க ஆரஞ்சு. சின்னச் சின்னச் சாமந்தி மாதிரி பூ, கொத்துக் கொத்தாக. பழைய பூ சிவக்கிறது, புதுப் பூ ஆரஞ்சாக மலர்கிறது. மேலே வண்ணத்துப்பூச்சிகள். “நம்ம வண்டி” என்றார் அவர்.

உடனே அந்த வீட்டுக் கேட்டைத் தட்டினேன். வயசான ஒரு அக்கா வந்தார். கதையெல்லாம் சொல்லவில்லை, ஒரு கிளை கிடைக்குமா என்று மட்டும் கேட்டேன். அவர் உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்தார்.

“தாராளமா எடுத்துக்கோ தங்கச்சி. மண்ணுல சொருகினா போதும், வேர் விட்டுரும். வருஷம் பூரா பூக்கும். ஆனா ஒண்ணு. இத நான் யாருகிட்டயும் காசு குடுத்து வாங்கல, கேட்டு வாங்கினது. உங்கிட்ட யாராச்சும் கேட்டா இல்லைன்னு சொல்லிராத. இல்லைன்னு சொன்ன வீட்டுல இது தங்காது.”

சொல்ல மாட்டேன் அக்கா என்று அந்த வேலி முன்னாலேயே தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ரயிலில் அந்தக் கிளைகளை ஈரத்துணியில் சுற்றி அவர் மடியில் வைத்திருந்தார். யாரோ இடிக்க வந்தபோது கையால் மறைத்துக்கொண்டார்.

அந்த அக்கா சொன்னது பொய்யில்லை. சொருகிய எல்லாக் குச்சியும் பிடித்துக்கொண்டது. ராணியை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் இதை ஏற்றினேன். கேட்டை மூடியது, பூத்தது. தெருமுனையில் நின்று கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். கலங்கலாக ஒரு ஆரஞ்சு, என் வீடு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று மாலை அவர் நடந்துவிட்டு வந்தார், முனையில் திரும்பினார், நேராக வந்து நம் கேட்டைத் திறந்தார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். மறுநாளும் சரியாக வந்தார். அதற்கு அடுத்த நாளும். மகளுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரோ தெரு வாட்ஸ்அப் குரூப்பில் என் கேட்டைப் படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். வந்தது பாருங்கள் வினை. முதலில் முனை வீட்டு மலாய் டீச்சர் கேட்டார், கையில் ஒரு தட்டு குயே பலகாரத்தோடு. இல்லை என்று எப்படிச் சொல்வது? வெட்டிக் கொடுத்தேன். டீ போட்டுக் கொடுத்த சீன வீட்டம்மா கேட்டாள். அவளுக்கு நான் கடன்பட்டவள். எதிர் வீட்டுக்காரர் கேட்டார். பின் தெருவிலிருந்துகூட முகம் தெரியாத ஒரு பெண் வந்து, “அக்கா, ஒரே ஒரு குச்சி” என்றாள். ஒவ்வொரு தடவையும் கத்தரிக்கோலை எடுக்க மனசே வராது. ஆனால் கேட்டு வாங்கிய செடியைக் கேட்டவர்களுக்கு இல்லை என்பதா? இல்லை என்று சொல்லி, செடி பட்டுப்போய், அவர் தொலைந்துபோனால்? இப்படி யோசித்து யோசித்தே வெட்டி வெட்டிக் கொடுத்தேன். என் கையால் நானே கொடுத்தேன்.

அந்தச் செடிக்கு வளரச் சொல்லித் தர வேண்டுமா? ஒரு சனிக்கிழமை பசாருக்குப் போய்விட்டுத் தெருமுனையில் திரும்பினேன். கையிலிருந்த கீரைக்கட்டு கீழே விழுந்துவிட்டது. இந்தப் பக்கம் ஆரஞ்சு, அந்தப் பக்கம் ஆரஞ்சு. கேட்டுக்குக் கேட் பூத்துக் கிடக்கிறது. என் வீடு எது என்று எனக்கே ஒரு நொடி தெரியவில்லை. டீச்சர் வாசலில் நின்று, “அழகா இருக்குல்லக்கா, எல்லாம் உங்க கைராசி” என்று மலாயில் சொல்கிறார். நான் பல்லைக் காட்டினேன்.

யாரிடம் போய்ப் பிடுங்கச் சொல்வது? என்ன சொல்லிப் பிடுங்கச் சொல்வது? இரண்டு நாள் அவர் பின்னாலேயே நடந்தேன். மூன்றாவது நாள் முட்டி வீங்கி எழுந்திருக்க முடியவில்லை. தைலம் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். கண்ணசந்துவிட்டேன் போல. விழித்தபோது கேட் திறந்து கிடந்தது. வானம் கறுத்து, காற்று வேறு கிளம்பிவிட்டது.

நொண்டிக்கொண்டு வெளியே வந்தேன். தெருவில் ஆள் இல்லை. ஒவ்வொரு கேட்டாக எட்டிப் பார்த்தேன். இல்லை. சீன வீட்டில் இல்லை. டீச்சர் வீட்டில் இல்லை. கையில் போன் அடித்தது, மகள். நான் எடுத்த எடுப்பிலேயே மூச்சு வாங்கியதில் அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

“காணோமா? அம்மா! நான் வரேன். இதோ கெளம்பிட்டேன். இதுக்கு மேல நீங்க ஒண்ணும் பேசக் கூடாது.”

போனை வைத்ததும் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. மாசக்கணக்காக அடக்கி வைத்திருந்த வாய். நடுத்தெருவில் நின்று கத்தினேன். “எங்கய்யா போனீங்க! மழ வரப்போவுது, குடையும் இல்ல, ஒண்ணும் இல்ல! ஒங்களுக்கு அறிவிருக்கா? நான் ஒருத்தி இங்க செத்துக்கிட்டு இருக்கேன், நீங்க எந்தச் சீமைக்கு லோரி ஓட்டப் போனீங்க!” திட்டத் திட்டப் பழைய வேகம் வந்துவிட்டது. கொடியைப் பிடித்து இழுத்தேன். “ஒன்னைக் கேட்டேனா நான், ஊரெல்லாம் பூக்கச் சொல்லி? பாழாப்போன கொடியே!” கேட்டிலிருந்து பாதிக் கொடி பிய்ந்து என் தலைமேல் விழுந்தது. கதவுகள் திறந்தன. எல்லாரும் வந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அப்போது தெருமுனையில் அவர் திரும்பினார். வேக வேகமாக வந்தார். பக்கத்தில் ஒரே குச்சி கேட்ட அந்தப் பின் தெருப் பெண். அவள் எட்டி எட்டி நடக்க வேண்டியிருந்தது, அவ்வளவு வேகம் அவருக்கு. எந்தக் கேட்டையும் பார்க்கவில்லை. எந்தப் பூவையும் பார்க்கவில்லை. நேரே என் முன்னால் வந்து நின்று, “வந்துட்டேன்லடி, ஏன் கத்துற?” என்றார். உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றினார்.

அந்தப் பெண் என் தலையிலிருந்த பூவை எடுத்துவிட்டுச் சொன்னாள். “அங்கிள் எங்க கேட்டுல வந்து நின்னாருக்கா. உள்ள வரவும் இல்ல, போகவும் இல்ல. வீடு எது அங்கிள்னு கேட்டேன். ஆரஞ்சுப் பூன்னாரு. இங்க எல்லா வீடும் ஆரஞ்சுப் பூதானே, வேற என்ன அடையாளம்னேன். ‘இரும்மா, கொஞ்ச நேரத்துல எங்க வீட்டுல ஒருத்தி கத்துவா, அத வச்சுப் போயிருவேன். இப்பல்லாம் கத்தவே மாட்டேங்குறா, அதான் வழி தெரியல’ன்னாரு. ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே இருந்தோம்கா. அப்பறம் ஒங்க சத்தம் வந்துச்சு. ‘அந்தா’ன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு.”

மழை வந்துவிட்டது. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மகள் வந்து சேர்ந்தபோது அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஹோம் பேச்சை எடுத்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். “அப்ப எப்படிம்மா? தெனமும் கத்தப் போறீங்களா?” என்றாள். ஆமாம்லா, என் தொண்டை இருக்கிற வரைக்கும் அவர் இங்கேதான் இருப்பார் என்றேன். கிளம்பும்போது பையில் கையை விட்டு இருமல் மிட்டாய் ஒரு பாக்கெட் எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது நான் குளிர்ந்த தண்ணீர் தொடுவதில்லை. லேசாகத் தும்மல் வந்தாலே மிளகுப் பால் காய்ச்சிவிடுகிறேன். சாயங்காலம் அவர் நடக்கப் போனதும் எனக்கு இருப்புக் கொள்ளாது. கொஞ்ச நேரம் பொறுத்து, கேட்டில் போய் நின்று கத்துகிறேன். கரண்டு பில், அவர் கழற்றிப் போட்ட பனியன், பழைய சண்டை என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். தெருவில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நேற்று எனக்குக் கோபமே வரவில்லை. திட்டுவதற்கு ஒன்றும் தோன்றவும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, “சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க” என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். முனையில் அவர் திரும்பி வந்துகொண்டிருந்தார்.